பாதித் தையல்

– “உன்னோட ‘நாளைக்கு’ என்னைக்குத்தான் வரும்?”னு அந்த டீச்சர் கேட்டாங்களே... அதுக்கு நீ என்ன சொன்ன?

– ஒண்ணும் சொல்லலக்கா. குனிஞ்சு நின்னேன்.

– அதான் உனக்குப் பூனைன்னு பேரு. வாயைத் திறந்தா காத்து உள்ள போயிடும் பாரு.

– மறுநாள்லேர்ந்து பள்ளிக்கூடத்துக்கே போகல. அதையே பதிலா எடுத்துக்கிட்டிருப்பாங்க.

– ரொம்ப நல்ல பதில். ரெண்டு வருஷம் வீட்டுல உட்கார்ந்தாச்சு. இப்பப் பரீட்சையைத் தனியா எழுதறேன்னு கிளம்பியிருக்க. நாளைக்குக் கணக்குப் பரீட்சை. புத்தகம் போன வாரம் திறந்த பக்கத்துலயே...

– இல்லக்கா. திருப்பிட்டேன். பாரு.

– அட. நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். நான் நூல் வாங்கிட்டு வந்ததுலேர்ந்து நீ எழுந்திருக்கவே இல்ல. பென்சில் சீவல, மேசை துடைக்கல, ஜன்னல்ல போய் நிக்கல. உடம்பு ஏதாவது சரியில்லையா?

– நல்லாத்தான் இருக்கேன். நீ தை.

– முகம் வெளுத்திருக்கே.

– வெளிச்சம் அப்படி.

– என்ன கணக்கு அது?

– தொட்டிக் கணக்கு. ஒரு குழாய் நிரப்புது. இன்னொரு குழாய் காலி பண்ணுது. தொட்டி எப்ப நிரம்பும்னு கேட்டிருக்கான்.

– காலி பண்ற குழாயை மூடச் சொல்லு. இதுக்கெல்லாம் ஒரு பரீட்சையா?

– ...

– சிரிக்க மாட்டேங்கிறியே. போன் எங்க?

– சார்ஜ்ல.

– எடுத்துட்டு வா. அம்மா முழிச்சிருப்பாங்க. ஆஸ்பத்திரி வார்டுக்கு ஒரு வார்த்தை பேசிடறேன்.

– இந்தக் கணக்கு முடியட்டும்க்கா. நடுவுல எழுந்தா விட்டுப்போயிடும்.

– சரி, சரி. நீ படிக்கிறதே பெரிசு... ஏன்டி, ஒண்ணு கேக்கறேன். நீ சோம்பேறியும் இல்ல. பாத்திரம் கழுவச் சொன்னா பக்கத்து வீட்டுப் பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவுவ. புத்தகத்தை மட்டும் ஏன் தொடவே மாட்டேங்கிற?

– தெரியல.

– தெரியாம என்ன?

– தொடாத வரைக்கும்... நான் இன்னும் ஃபெயில் ஆகலல்ல. படிச்சிருந்தா பாஸ் பண்ணியிருப்பேன்னு சொல்லிக்கலாம். படிச்சும் வரலன்னா அப்புறம் என்ன சொல்லிக்கிறது?

– அடேயப்பா. பூனை இவ்வளவு பேசுமா?

– நீதான கேட்ட.

– கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

– புத்தகம் மட்டும் இல்லக்கா. எதுவானாலும் அப்படித்தான். நாம கை வைக்காத வரைக்கும் அது நடக்கலன்னு இருக்கும்.

– ம்... அந்தக் கத்திரிக்கோலைக் கொடு. இல்ல, அந்தச் சின்னது.

– இந்தா. நீ சொன்ன மாதிரிதான் செஞ்சேன். நேத்து ஒரு கணக்கைப் பாதியில விட்டுட்டுப் படுத்தேன். இன்னைக்குக் கை தானா அங்க போச்சு.

– பார்த்தியா. நான் எந்தத் துணியையும் முடிச்சு மூட்டை கட்டிட்டுப் படுத்ததே இல்ல. சட்டைக் கை பாதி ஏறியிருக்கும், ஊசி துணிக்குள்ள இறங்கி நிக்கும். அப்படியே விட்டுட்டு எழுந்துடுவேன். காலையில வந்து உட்கார்ந்தா போதும், கால் தானா மிதிக்கும். புதுசா ஆரம்பிக்கணும்னாத்தான் எனக்கும் வீடு பெருக்கணும், குழாயடிக்குப் போகணும்னு ஊர்ப்பட்ட வேலை ஞாபகம் வரும்.

– அப்ப அதுக்கு மட்டும் ஏன் கால் மிதிக்கல?

– எதுக்கு?

– அலமாரிக்குக் கீழ கிடக்கே. அம்மாவோட பச்சைச் சட்டை. ஒரு கை ஏத்தியாச்சு. இன்னொரு கை, ஊசி குத்தினபடியே கிடக்கு.

– ...

– நீதான சொன்ன, பாதியில விட்டா...

– வேலை நிறைய இருந்துச்சு. பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் ஒரே நேரத்துல வந்துச்சா, இல்லையா?

– வந்துச்சு. அதெல்லாம் முடிஞ்சும் போச்சு.

– நீ கணக்கைப் பாரு.

– பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்... அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்டாங்கக்கா. முன்பக்கம் திறக்கிற மாதிரி, கையைத் தூக்காம போடற மாதிரி. “தையல்காரியைப் பெத்துட்டு, ஆஸ்பத்திரி அங்கியோட அந்த வாசலைத் தாண்டமாட்டேன்”னு...

– தெரியும்டி. என்கிட்டயும்தான் சொன்னாங்க.

– அப்புறம் ஏன்?

– ஏன்னா... சரி, கேட்டுக்கோ. பரீட்சை முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தேன். டாக்டர் போன வாரமே சொல்லிட்டாரு. இனிமே மருந்துக்கு வேலை இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு.

– ...

– சட்டை முடிஞ்சா கூட்டிட்டு வரணும். கூட்டிட்டு வந்தா இந்த ஒரே அறையில, இதோ இந்தக் கட்டில்ல... அந்த மூச்சை நாம கேட்டுக்கிட்டே இருக்கணும். எது கடைசி மூச்சுன்னு காது வச்சுக்கிட்டு உட்காரணும். அதான் சட்டையைத் தள்ளித் தள்ளி வச்சேன். சீருடை, பரீட்சைன்னு கைக்குக் கிடைச்ச சாக்கையெல்லாம் சொன்னேன். நான் உன்னைச் சொல்ல வந்துட்டேன் பாரு.

– அக்கா...

– அழாத. அழுதா எழுதினது கலைஞ்சிடும். அந்தச் சட்டையை எடு இங்க.

– இப்ப எதுக்குக்கா?

– இப்பத்தான். எடுன்னா எடு... ம். இங்கதான் விட்டிருக்கேன். ஊசி துருப் பிடிச்சிடுச்சு, பாரேன்.

– வேற ஊசி போடு.

– போடறேன். நீ எழுது. ரெண்டு பேரும் ஒண்ணா முடிப்போம். யார் முதல்லன்னு பார்க்கலாமா?

– ...

– எழுதுடி. பேனா காத்துலயே நிக்குது.

– எழுதறேன்.

– அம்மாவுக்குத் தோள் இவ்வளவு சின்னதா போயிடுச்சு. பழைய அளவுல வெட்டிட்டேன். தொளதொளன்னு நிக்கும். “எவளுக்குத் தைச்சதை எனக்குப் போட்டு விடற?”ன்னு கேப்பாங்க.

– ம்.

– நீ கட்டில்ல அம்மாகூடப் படுத்துக்கோ. நான் மெஷினுக்குக் கீழ படுத்துக்கறேன். சீக்கிரமே கூட்டிட்டு வந்திருக்கணும். அந்த வார்டுல ஜன்னல் கூட இல்ல... இந்தா, சட்டைக் கையைப் பிடி. நேரா வருதா?

– வருது.

– முடிஞ்சது. பார்த்தியா, ஒரு டீ குடிக்கிற நேரம். இதுக்குத்தான் இத்தனை நாள். வண்டி பிடிச்சு சாயங்காலமே கூட்டிட்டு வந்துடலாம். போனை எடு, நர்ஸ்கிட்டச் சொல்லிடறேன்.

– கணக்கு இன்னும் முடியலக்கா.

– பாதியில விடு. நாளைக்குக் கை தானா போகும்.

– ...

– என்ன? எழுந்திரு.

– போன் சார்ஜ்ல இல்ல. அணைச்சு தலையணைக்குக் கீழ வச்சிருக்கேன்.

– எதுக்கு?

– நீ நூல் வாங்கப் போனப்ப வார்டுலேர்ந்து பேசினாங்க.

– என்ன சொன்னாங்க?

– நீ உள்ள வந்ததும் சொல்லிடணும்னுதான் இருந்தேன். நீ செருப்பைக் கழட்டிக்கிட்டே, கடைக்காரர் கலர் மாத்திக் கொடுத்ததைச் சொல்லிச் சிரிச்ச. சரி, இந்த ஒரு கணக்கு முடியட்டும்னு பார்த்தேன். முடிஞ்சது. அப்புறம் இன்னொண்ணு... இவ்வளவு கணக்கு நான் எந்த நாளும் போட்டதில்லக்கா.

– பூனை. என்ன சொன்னாங்க?

– அம்மா விடியறப்பவே போயிட்டாங்களாம். போட்டு அனுப்ப வீட்டுலேர்ந்து ஒரு சட்டை கொண்டு வரச் சொன்னாங்க.

– ...

– அக்கா.

– ...

– திட்டுக்கா. ஏதாவது சொல்லிட்டுப் போ... அக்கா, செருப்பு. செருப்புகூடப் போடல நீ... படி, பார்த்து இறங்கு... அக்கா. சட்டை மெஷின் மேலயே இருக்கு.