திங்கட்கிழமை பர்மிட்

என் கையெழுத்து அழகாக இருக்கும். மனைவி புவனா சுரங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே யாருக்காவது பிரிவு உபசார மடல் எழுத வேண்டுமென்றால் இன்றைக்கும் என்னிடம்தான் தாளைக் கொண்டுவந்து நீட்டுவாள். இந்த வாக்குமூலத்தை டைப் அடித்துத் தரலாம் என்று சொன்னீர்கள், மேடம். நான் கையாலேயே எழுதுகிறேன். நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

பெயர் மருதாசலம், வயது ஐம்பத்து நான்கு. குடியிருப்பது நெய்வேலி டவுன்ஷிப்பில், புவனாவுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில். நான் வேலை பார்ப்பது டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு தனியார் ஆராய்ச்சிக்கூடத்தில். பழுப்பு நிலக்கரியிலிருந்து வரும் வாயுவை எரிபொருளாக மாற்ற முடியுமா என்று பார்ப்பது எங்கள் வேலை. அதற்கு ஒரு வினையூக்கி வேண்டும். நடுவில் ஓர் உலோக அணு, சுற்றிலும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் மூலக்கூறுகள். எந்த உலோகம், அதை எவை பிடிக்க வேண்டும் என்று தேடியே இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் எங்கெங்கோ போய்ப் பெரிய ஆளாகிவிட்டார்கள். நான் இரும்பையே கட்டிக்கொண்டு அழுதேன்.

வளர்மதி பதினோரு வருடமாக என் கூடத்தில் கான்ட்ராக்ட் உதவியாளர். குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வருவார். பத்தாவது வரைதான் படிப்பு. ஆனால் குடுவையில் நிறம் மாறுவதை என்னைவிட முன்னால் கண்டுபிடித்துவிடுவார். "இன்னிக்கி பச்ச நல்லா ஏறிகினு வருது சார், வந்து பாருங்க" என்று அறை வாசலில் வந்து நிற்பார். சோதனை முடிந்த கலத்தைத் திறந்து கழுவுவது அவர் பொறுப்பு.

கலத்தைத் திறக்க பர்மிட் வேண்டும். உள்ளே என்ன உலோகம், எவ்வளவு நேரம் நைட்ரஜனை ஓட்டி மிச்ச வாயுவை வெளியேற்ற வேண்டும் என்று எழுதி, திறப்பதற்குச் சற்று முன்னால் நான் கலத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். விதி அப்படி. நடைமுறை வேறு. திங்கட்கிழமை காலையில் டீ வருவதற்குள் வாரம் முழுவதற்கும் ஐந்து தாளிலும் எழுதி, கையெழுத்துப் போட்டு, கலத்துக்குப் பக்கத்தில் கிளிப்பில் மாட்டிவிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த வாரத் தாள்கள் ஐந்திலும் இரும்பு, ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தேன். புதன்கிழமை சாயங்காலம் மனசு மாறி, இரும்பை எடுத்துவிட்டு நிக்கலை வைத்தேன். வியாழக்கிழமை காலையில் முடிவு வந்திருந்தது. என் வாழ்நாளில் நான் நினைத்தபடி வந்த முதல் முடிவு அது. வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். சிரித்துக்கொண்டிருந்தேன் என்றே நினைக்கிறேன்.

வளர்மதி வாசலில் வந்து நின்றார்.

"சார், பர்மிட்ல இருக்கற மாதிரி ஒரு மணி நேரம் ஆயிடுச்சி. தொறந்துடட்டுங்களா?"

நான் நிமிர்ந்து பார்க்காமல் "ம்" என்றேன்.

நிலக்கரி வாயுவும் நிக்கலும் ஆறிய கலத்துக்குள் சேர்ந்து கிடந்தால் ஒரு விஷவாயு உண்டாகும். நிக்கலுக்கு ஒரு மணி நேரம் போதாது, ஒரு நாள் முழுக்க ஓட்ட வேண்டும். அது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் மறந்துவிட்டேன். இது உண்மை, மேடம். இந்த வாக்குமூலத்தில் மறதி என்று நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

கால் மணி நேரத்தில் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து வாந்தி எடுத்தார். "தொறக்கும்போது அடுப்புக்கரி வாசன மாதிரி வந்துச்சி சார். ஒண்ணும் இல்ல, காலைல சாப்புடாம வந்துட்டேன்" என்றார். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன். போன இடத்தில் வியாழக்கிழமைத் தாளைக் கிளிப்பிலிருந்து உருவி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மீதி இருந்த வெள்ளிக்கிழமைத் தாளையும் எடுத்துவிட்டேன். பிறகு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டது வெளியே தெரிந்தால் அசிங்கம் என்ற நினைப்பு மட்டும்தான் அப்போது இருந்தது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன்.

என் காரிலேயே ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் என்ன கெமிக்கல் என்று கேட்டார். ஸ்பிரிட் ஆவி என்றேன். வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பினார். சாயங்காலம் வளர்மதிக்கு எல்லாம் நின்றுவிட்டது. அந்த விஷத்தின் குணம் அது. முதலில் தலைவலி, வாந்தி. அப்புறம் ஆள் எழுந்து நடமாடுவார், சாப்பிடுவார், நன்றாகிவிட்டது என்பார். ஒரு நாள், சில சமயம் ஒன்றரை நாள். அதற்குப் பிறகுதான் நுரையீரலைப் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை மனசு கேட்காமல் குறிஞ்சிப்பாடிக்குப் போனேன். பண்ருட்டிப் பலாச்சுளை கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். வளர்மதி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் ஈரக் கையோடு ஓடிவந்தார்.

"வாங்க சார். எனக்காக வூடு தேடி வந்துகினு… நல்லா ஆயிட்டேன் சார். காலைலேருந்து எல்லா வேலயும் பண்ணிக்கினுதான் இருக்கறேன். நாளைக்கி டூட்டிக்கி வந்துர்றேன்."

"திங்கட்கிழமை வந்தாப் போதும்மா."

"பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லியே சார்?"

"ஒண்ணும் இல்ல."

அவர் காபி போட்டுக் கொடுத்தார். பேசும்போது மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே குடித்தேன். வாங்கவில்லை. அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அரை மணி நேரம் இருந்திருப்பேன். இரண்டு மூன்று தடவை கை சட்டைப் பைக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் பேனாவைத் தொட்டுவிட்டு வந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் அவர் கணவர் செல்வகுமார், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார்.

"சார், மூச்சு வுட முடியாம தவிச்சிக்கினு இருக்கறா. டாக்டரு என்ன கெமிக்கல்னு திரும்பத் திரும்பக் கேக்கறாரு. பேரு மட்டும் சொல்லுங்க சார், நான் எழுதிக் குடுத்துர்றேன்."

"ஸ்பிரிட்தான்ப்பா. வேற ஒண்ணும் இல்ல."

"சரிங்க சார்."

நிக்கல் என்பது நான்கெழுத்து. நான் சொல்லியிருந்தால் கூடத்துக்குப் பூட்டுப் போடுவார்கள், கலத்துக்கு சீல் வைப்பார்கள், இருபத்திரண்டு வருடம் கழித்துக் கிடைத்த முடிவு அதோடு போய்விடும். நான் கணக்குப் போட்டது இவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை அந்த வாரத்துக்கான பர்மிட்களை எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. விடியற்காலையில் வளர்மதி போய்விட்டார் என்றார்கள். அப்போது இரண்டு தாள் முடித்திருந்தேன். மீதி மூன்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

உங்கள் முதல் விசாரணையில், பர்மிட் இல்லாமல் அவராகவே கலத்தைத் திறந்துவிட்டார் என்று சொன்னேன். உள்ளே நிக்கல் இருந்தது என்றும், ஆனால் விஷம் அதிலிருந்து வந்திருக்கலாம் என்று எனக்கே சனிக்கிழமை இரவுதான் உறைத்தது என்றும் சொன்னேன். அதற்குள் எல்லாம் கை மீறிவிட்டது என்று நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். தவறு அவர் மேல் என்று கோப்பை முடித்துவிட்டார்கள்.

நான் பாட்டுக்கு அப்படியே இருந்திருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை செல்வகுமார் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து வளர்மதியின் பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து, துடைத்து, டீப்பாய் மேல் வைத்தார்.

"ஆபீஸ் சாமான் சார், வூட்டுல கெடந்துச்சி. அவ அவசரப்பட்டுத் தொறந்துட்டாளாமே. அதனால உங்களுக்குக் கெட்ட பேராம். அவ செஞ்சதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேங்க. மனசுல வச்சிக்காதீங்க."

"பரவாயில்லப்பா" என்றேன். மேடம், நான் அவரை மன்னித்தேன். புவனா அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் போன பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அதனால்தான் பர்மிட் தாள்கள் இரண்டையும் இதோடு இணைத்திருக்கிறேன். கையெழுத்து என்னுடையது.

இன்னொன்றும் இணைத்திருக்கிறேன். உடம்புக்குள் போன நிக்கலைப் பிடித்து வெளியே கொண்டுவரும் மூலக்கூறு ஒன்று இருக்கிறது. என் டாக்டர் பட்ட ஆய்வே அதன் மேல்தான். குடியை நிறுத்தக் கொடுக்கிற ஒரு மாத்திரை, வயிற்றுக்குள் போனதும் அதுவாக மாறும். பெரிய மருந்துக்கடைகளில் கிடைக்கும். அது வளர்மதியைக் காப்பாற்றியிருக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. இதையும் எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டாயிற்று. ஆனால் அதைக் கொடுத்தால் எதற்கு என்று சொல்ல வேண்டியிருக்கும்.

நான் வாங்கிய அட்டையில் பத்து மாத்திரை இருக்கிறது, ஒன்றும் பிரிக்கவில்லை. கடை ரசீதையும் பின்னால் குத்தியிருக்கிறேன். அதில் வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது நாற்பது என்று இருக்கும். வளர்மதி வீட்டில் நான் காபி குடித்தபோது மணி பதினொன்று.