கோல்கீப்பரின் கையெழுத்து

— அதெல்லாம் இருக்கட்டும் மாப்ள. ஞாயித்துக்கிழமை ஆடற லிஸ்ட்ல என் பேரு இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.

— உக்காந்து பேசலாமே மச்சான். இவ்வளவு பெரிய பதிவறையில ஒரு நாற்காலி கூடவா இல்ல?

— இருக்கு. அது மேல இறப்புப் பதிவேடு உக்காந்திருக்கு. நீ நின்னுக்கிட்டே சொல்லு.

— இல்ல.

— ரிசர்வ்ல?

— அதுலயும் இல்ல. பாரு மச்சான், இது கோச் எடுத்த முடிவு. உன் தங்கச்சி புருஷன் எடுத்ததா நினைச்சுக்காதே.

— ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதானே இருக்கு. எதைப் பார்த்து நான் திட்டறது?

— திட்டு. வாங்கிக்கிறேன்.

— பதினாலு வருஷம் மாப்ள. நூத்திப் பன்னெண்டு கோல் வாங்கியிருக்கேன். முன்னாடி டிஃபென்ஸ்ல யாரு? ஒரு பக்கம் பேக்கரிக்காரன், ஒரு பக்கம் கார் ஓட்டக் கத்துக்குடுக்கறவன். எதிர்ல வர்றவனெல்லாம் பெரிய கிளப்ல ஆடறவன். ஒன்பது பூஜ்யம்னு தோத்துட்டு மறுநாள் பத்து மணிக்கு டாண்ணு இந்த ஜன்னலைத் தொறப்பேன். சான்றிதழ் வாங்க வந்தவன் என் கையைப் பார்த்துட்டு, "சார், பேப்பரையாவது விட்டுடாம புடிங்க"ம்பான். சிரிச்சுக்கிட்டே சீல் குத்திக் குடுப்பேன்.

— மறக்கல மச்சான். அந்த ஒன்பதுலயும் உனக்கு முன்னாடி நடுவுல ஸ்டாப்பர் பேக்கா நின்னது நான்தானே.

— தோக்கறப்ப நான் வேணும். ஜெயிக்கிற நேரம் வந்ததும் நான் கறிவேப்பிலை ஆயிட்டேன்.

— அப்படிப் பேசாதே. நம்ம மாதிரி சுண்டைக்காய் நாட்டுக்கு இது ஒரு தடவைதான் கிடைக்கும். இன்னும் ஒரே ஆட்டம். ஜெயிச்சா உலகக் கோப்பைக்கே போயிடலாம். நம்ம மொத்த ஜனத்தையும் கொண்டு போய் அவங்க ஸ்டேடியத்துல உக்கார வெச்சாலும் கால்வாசி சீட் காலியாத்தான் இருக்கும். அப்பேர்ப்பட்ட ஆளுங்களோட மோதப் போறோம்.

— இவ்வளவு தூரம் வர வழி சொன்னது யாரு?

— நீதான். யாரு இல்லேன்னா?

— வெளிநாட்டுலேர்ந்து ஒருத்தன் இந்த ஜன்னலுக்கு வந்தான். "எங்க தாத்தா இந்த ஊர்ல பொறந்தவரு, பதிவு இருக்கா"ன்னு கேட்டான். பேச்சுக் குடுத்தா, அங்க ரெண்டாவது டிவிஷன்ல ஆடறானாம். அன்னிக்கே உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். தாத்தாவோ பாட்டியோ இங்க பொறந்திருந்தா பேரன் நமக்கு ஆடலாமே, பிழைக்கப் போனவங்களோட பேரப்பிள்ளைங்களைத் தேடிப் புடிப்போம்னு சொன்னேன். ஒரு வருஷம் இந்தத் தூசியில தும்மித் தும்மி ஒன்பது பேருக்குப் பேப்பர் எடுத்துக் குடுத்தேன்.

— ஒன்பது பேரும் தங்கம் மச்சான். ஊரே உன்னைக் கையெடுத்துக் கும்பிடணும்.

— பத்தாவதா நீ ஒரு பேரு கொண்டு வந்தே. பாட்டி பேரு. பேரன் என்ன ஆடறான்னு கேட்டேன். என்ன சொன்னே?

— டிஃபென்ஸ்ல, லெஃப்ட் பேக்குன்னு சொன்னேன்.

— காலைல கேன்டீன் டிவியில உங்க பிராக்டிஸைக் காட்டறான். ஆறடிக்கு மேல ஒருத்தன் போஸ்ட்டுக்குப் போஸ்ட் தாவறான். "லெஃப்ட் பேக்குக்கு எதுக்கு சார் கிளவுஸ்?"னு பியூன் என்னைக் கேக்கறான். என்ன பதில் சொல்றது அவனுக்கு?

— உண்மையைச் சொல்லியிருந்தா நீ தேடியிருப்பியா?

— தேடியிருப்பேன் மாப்ள. ரெண்டு நாள் உன்கூடப் பேசாம இருந்துட்டு, மூணாம் நாள் தேடியிருப்பேன். அது உனக்குத் தெரியலையே, அதான் வலிக்குது. என் கையாலேயே என் கண்ணைக் குத்த வெச்சுட்டே.

— பாரு, உனக்கு முப்பத்தெட்டு ஆச்சு. இடது பக்கம் விழுந்தா எந்திரிக்கவே நேரமாகுது.

— அதை என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?

— வாய் வரல மச்சான்.

— சரி, விடு. இங்க வா. நாற்காலி மேல இருக்கே, அந்த ஏட்டைப் படி. நூல் வெச்ச பக்கம்.

— என்னது இது?

— அவன் பாட்டி பேரு. அதே அப்பா, அதே அம்மா, அதே தெரு. வயசு ஒன்பது மாசம். காய்ச்சல்ல செத்துப் போயிருக்கு.

— சரி, மேல சொல்லு.

— செத்த குழந்தை பேரையே அடுத்துப் பொறந்ததுக்கு வைப்பாங்க. இது ஒண்ணும் புதுசு இல்ல, இந்த ஏட்டுல பக்கத்துக்குப் பக்கம் இருக்கு. ஆனா அடுத்தது பொறக்கறதுக்குள்ள குடும்பம் நாட்டை விட்டே போயிடுச்சு. அவன் பாட்டி இங்க பொறக்கவே இல்ல. நான் உனக்கு எடுத்துக் குடுத்தது செத்துப்போன அக்காவோட பிறப்புப் பதிவு. எப்பவும் இறப்பு ஏட்டையும் ஒரு தடவை புரட்டிடுவேன். நீ அவசரம் அவசரம்னு நின்னதால இந்த ஒரு தடவை விட்டுட்டேன். இன்னிக்குக் காலைல வயித்தெரிச்சல்ல வந்து புரட்டினேன். ஆமா, வயித்தெரிச்சல்தான். ஒத்துக்கறேன்.

— ம்.

— ஏன் மாப்ள, தூக்கிவாரிப் போட்ட மாதிரி ஒண்ணும் தெரியலையே உனக்கு?

— எனக்குத் தெரியும் மச்சான். அந்தப் பையனே சொன்னான். பாட்டி கப்பல்ல பொறந்தவங்களாம். வீட்டுல பெருமையா சொல்லிக்குவாங்களாம்.

— தெரிஞ்சேதான் என்கிட்ட வந்தியா?

— அப்படி ஒரு கோல்கீப்பர் நமக்கு இன்னும் அம்பது வருஷத்துக்குக் கிடைக்க மாட்டான்.

— மாட்டினா என்ன ஆகும்? ஆடின ஆட்டத்தைத் தோல்வின்னு எழுதிடுவாங்க. மத்த ஒன்பது பேரையும் திருடனைப் பார்க்கற மாதிரி பார்ப்பாங்க. அந்த ஒன்பதும் சுத்தமா எடுத்தது மாப்ள. ஒன்பது கோல் வாங்கிட்டு வந்த அன்னிக்குக்கூட நான் இந்த ஜன்னல்ல தலை குனிஞ்சு உக்காந்ததில்ல.

— நீ வாயைத் தொறந்தா ஊர் என்ன சொல்லும்? எடம் போனதும் எரிச்சல்ல கவுத்துட்டான்னு சொல்லும்.

— சொல்லட்டும். உன்கிட்ட இருக்கறது வெறும் நகல். அதுல என் கையெழுத்தும் சீலும் விழுந்தாத்தான் செல்லும். நான் போட மாட்டேன். நீ கால்ல விழுந்தாலும் போட மாட்டேன்.

— நான் கையெழுத்துக் கேட்டு வரல மச்சான்.

— பின்ன எதுக்கு வந்தே?

— பேப்பர் நேத்தே உலக ஃபுட்பால் சங்கத்துக்குப் போயிடுச்சு. கையெழுத்தோட, சீலோட.

— யாரு போட்டது?

— உன் பேருலதான் இருக்கு.

— யாருன்னு கேட்டேன்.

— அதைக் கேக்காதே மச்சான்.

— மாப்ள. அவ நேத்து மத்தியானம் இங்க வந்தா. இந்தப் பக்கமா வந்தேன், அண்ணனைப் பார்த்துட்டுப் போலாம்னு தோணுச்சுன்னு சொன்னா. தண்ணி கேட்டா. நான் போய் மொண்டுக்கிட்டு வந்தேன். சீல் மேஜை மேலதான் இருந்துச்சு.

— பாரு மச்சான்...

— ஸ்கூல்ல என் மார்க் கார்டுல அப்பா கையெழுத்தை அவதான் போட்டுக் குடுப்பா. நான் அடி வாங்கக் கூடாதுன்னு. நாலு வயசு சின்னவ.

— அவளுக்கு வேற வழி தெரியல. இந்த ஆட்டம் போனா எனக்கு வேலை போயிடும்.

— அவளா போட்டாளா, நீ போடச் சொன்னியா?

— அதை அப்புறம் பேசிக்கலாம். நாலு மணிக்கு சங்கத்துலேர்ந்து இந்த போனுக்குக் கூப்பிட்டு, கையெழுத்து உன்னோடதுதானான்னு ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. இல்லைன்னு சொன்னா ஜெயிலுக்குப் போறது நான் இல்ல மச்சான், உன் தங்கச்சி.