பன்னிரண்டு சுவாசிக் கூடைகள்

சுபானி: இஞ்சேருங்கோ, அங்க பாக்காதேங்கோ! நீங்கள் பாத்தா அவவும் இஞ்ச பாப்பா.

உமாபதி: நான் பாக்கேல்லையப்பா. எங்க நிக்கிறா?

சுபானி: மெழுகுதிரிக் கடையில. இன்னும் மூண்டு கடை தாண்டினா எங்கட கடைதான்.

உமாபதி: அவதான் எங்களுக்குக் கூடை பின்னி அனுப்புற லிண்டிவே எண்டு வடிவாத் தெரியுமோ?

சுபானி: கூடைகளோட வந்த படத்தில கண்ட அதே முகம். சந்தை நடத்துறவை விருந்தாளியாக் கூப்பிட்டிருக்கினம். காலமை மைக்கில பேரும் சொன்னவை.

உமாபதி: ஆபிரிக்காவில கிடக்கிற சுவாசிலாந்தில இருந்து இந்த ஜெர்மன் வுப்பர்டால் சந்தைக்கு ஆர் வருவினமெண்டு நினைச்சது! சரி, பதறாதையும். கூடையெண்டாக் கூடைதான். அவ பின்னினாலென்ன, நீர் பின்னினாலென்ன?

சுபானி: நல்லாக் கதைக்கிறியள்! இருவது வருசமாப் பின்னுற மனிசிக்குத் தன்ர கை தெரியாதோ?

உமாபதி: அதே சீசல் கத்தாழை நார், அதே நிறம். வீடியோ பாத்துப் பாத்துத்தானே பின்னினீர்...

சுபானி: அது சரி. ஆனா... அடியில ஒரு பிழை விட்டிட்டன்.

உமாபதி: என்ன பிழை?

சுபானி: கோவியாதேங்கோ.

உமாபதி: சொல்லுமன்!

சுபானி: முதல் சுத்துக்கு... மஞ்சளில தோய்ச்ச நூலை வைச்சுத் தொடங்கிட்டன்.

உமாபதி: எந்தக் கூடையில?

சுபானி: பன்னிரண்டிலயும்.

உமாபதி: அட கடவுளே! சுவாசிக் கூடைக்கு மஞ்சள் நூலோ?

சுபானி: ஒரு காரியம் தொடங்கேக்க வெறுங்கையோட தொடங்கிறதோ? கை தன்ர பாட்டில வைச்சிட்டுது.

உமாபதி: கள்ளக் கூடை பின்ன மஞ்சள் வைச்ச ஆள் உலகத்திலயே நீர் ஒராள்தான்.

சுபானி: பகிடி விடாதேங்கோ, எனக்கு அழுகை வருது. அவ ஒரு கூடையைத் திருப்பிப் பாத்தாக் காணும்... எட்டு வருசமா எங்களை நம்பி அனுப்பினவை. இனி ஒண்டு அனுப்புவினமோ? கடையும் போச்சு, மானமும் போச்சு.

உமாபதி: வேற என்ன செய்யிறது? அவை அனுப்பின அறுவது கூடையும் ஹம்பேர்க் சுங்கத்தில நிக்கேக்க, வெறும் மேசையோட இருக்கேலுமோ?

சுபானி: சுங்கத்திலதானே நிக்குது?

உமாபதி: எத்தினை தரம் கேப்பீர்? ஓம்.

சுபானி: அப்ப ஏன் என்ர முகத்தைப் பாக்காமல் சொல்லுறியள்?

உமாபதி: வெய்யில் கண்ணில அடிக்குதப்பா.

சுபானி: வெய்யில் உங்கட முதுகிலயெல்லோ அடிக்குது?

உமாபதி: விடும்... ஐயோ, அவ வெளிக்கிட்டிட்டா! முன்னால கிடக்கிறதை உள்ளுக்கு எடும், கெதியா... பொறும். உதென்ன, கூடையில துண்டு தொங்குது?

சுபானி: பேர்த்துண்டு. பின்னின பொம்பிளையின்ர பேரை அவை ஒவ்வொண்டிலயும் கட்டி அனுப்புறவை எல்லோ? பேர் இல்லாட்டிச் சனம் நம்பாது. நீங்கள் வான் வண்டியை நிப்பாட்டப் போன நேரம் கட்டினனான்.

உமாபதி: இது அவையின்ர கையெழுத்து... எங்கால எடுத்தனீர்?

சுபானி: முதல்ல அந்தக் கூடையை உள்ளுக்கு வையுங்கோ.

உமாபதி: சுபானி, உம்மைத்தான் கேக்கிறன். துண்டு கூடையோடதானே வாறது. பெட்டிதான்... வரேல்லையே?

சுபானி: அவ கிட்ட வந்திட்டா. பேசாமல் நில்லுங்கோ.

உமாபதி: சொல்லும்! எங்கால?

சுபானி: எங்கட வீட்டு நிலவறையில இருந்து. குழாய் உடைஞ்சு வந்த தண்ணிக்குள்ள ஊறவிட்டிட்டு, பழைய மெத்தைக்குப் பின்னால ஒளிச்சு வைச்சனீங்களே, அந்தப் பெட்டியில இருந்து. பன்னிரண்டு துண்டைத்தான் காய வைச்சு எடுக்க ஏலுமாயிருந்தது. அறுவதும் பூஞ்சணம் பிடிச்சு அழுகிக் கிடந்ததை நான் மாசி மாசமே கண்டிட்டன். இண்டைக்குச் சொல்லுவியள், நாளைக்குச் சொல்லுவியளெண்டு பாத்துக்கொண்டுதான் பன்னிரண்டையும் பின்னினனான்... இப்ப சொல்லுங்கோ. எனக்கில்லை, அவவுக்கு.