சொந்தக்காரர்கள் தட்டிய விளம்பரம்

மாலை நான்கு பத்துக்கு, விக்கிரவாண்டி தாண்டியதும் எங்கள் பேருந்தின் பின் டயர் வெடித்தது. மகளுக்குப் போன் செய்து, வர நேரமாகும் என்றேன். சாலையோரம் என் பக்கத்தில், அதே பேருந்தில் வந்த ஒரு கணவனும் மனைவியும் கடலை எண்ணெய் கேனோடு நின்றார்கள்.

"உன் மூஞ்சி போட்ட விளம்பரம் ஜெயிச்சது செல்லாது" என்றார் கணவர்.

"ஏன் செல்லாதாம்?"

"பாட்டில் படம் ஒண்ணு, நீ மல்லாட்டை எண்ணெய் ஆட்டுற படம் ஒண்ணு. தெரியாதவங்க எதைத் தொடறாங்கன்னு ஆன்லைன்ல மூணு நாள் பாக்கணும். நீ உன் படத்தை கண்டாச்சிபுரம் சொந்தக்காரங்க குரூப்ல போட்டுட்ட. மொத்த சனமும் அதையே தட்டிக்கினு கீது."

"சித்தி ஆசையா தட்னாங்க."

"ஆசைல தட்னா அது டெஸ்ட்டா? நாளையிலேர்ந்து பாட்டில் படம் மட்டும்தான்."

"போடுங்க. பாட்டிலே வந்து செக்கு ஓட்டட்டும்."

திண்டிவனத்தில் எண்ணெய்க்காகக் காத்திருந்த பெண், போனில் இடம் கேட்டுக்கொண்டு ஸ்கூட்டரிலேயே வந்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றி மனைவியை உற்றுப் பார்த்தாள்.

"விளம்பரத்துல நீங்கதானே? உங்கள யாருன்னே தெரியாதுங்க. ஆனா நீங்க ஆட்டுறத பாத்ததும் நம்பி ஆர்டர் போட்டுட்டேன்."