தண்ணி வாற கரைச்சல்

எண்பதுகளில் ஒரு காலை, நெடுந்தீவுக்குப் போகும் லோஞ்சுப் படகில், சவுதியிலிருந்து லீவில் வந்த இளைஞர் ஒருவர் அலுத்துக்கொண்டார்:

"கிணத்தில தண்ணி வாறதுதான் எங்களுக்குக் கரைச்சல்."

நல்லதண்ணீருக்கு அலையும் தீவுக்காரர் நிறைந்த அந்த லோஞ்சில் அப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும். நல்லதண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கானை மடியில் அணைத்திருந்த பெண் சட்டென்று திரும்பினாள்.

"என்ன தம்பி சொல்லுறீர்?"

"எண்ணெய்க் கிணறு, அக்கா. பழசாப் போச்சு. பத்து வாளி வந்தால் எட்டு உப்புத்தண்ணி. அதில எண்ணெயைப் பிரிச்செடுக்கிறதுதான் என்ர வேலை."

"அந்தத் தண்ணி?"

"திரும்ப நிலத்துக்கை இறக்கிறம். இன்னும் கூடினால் கிணத்தை மூடி, எங்களையும் வீட்டை அனுப்பிப்போடுவாங்கள்."

"அனுப்பட்டும். எங்கட கிணத்திலயும் உப்புத்தண்ணிதான். வந்து நல்லதண்ணியைப் பிரிச்சுத் தாரும்."