கட்டிய பன்றி கட்சி மாறாது

கோழி இறகைத் தலையில் செருகி, கையிலிருக்கும் ஒரே விசிறியால் ஈயையும் வெயிலையும் விரட்டியபடி இந்த ஆலமரத்தடி மேடைக்குத் தலைமை தாங்கும் ஊர்த்தலைவர் கல்சாங் மாமா அவர்களே! ஜெபம் செய்து விழாவைத் தொடங்கிவைத்து, "சுருக்கமாப் பேசும்மா" என்று என் காதில் தனி ஆசீர்வாதமும் தந்த போதகர் அவர்களே! கல்லடுப்பில் துருவிய கிழங்கு லப்லப்பை வேகவைத்துவிட்டு, வாழையிலைப் புகை மணக்க வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கவா வேர்ச்சாறு குடிக்கும் வேளை எப்போது வருமென்று சூரியனையே முறைத்துக்கொண்டிருக்கும் ஆண்மக்களே!

நம் வரவேற்பு வழக்கப்படி மாலை சூட்டி, தோளெல்லாம் பவுடர் கொட்டி, வெள்ளைக் கொக்குபோல் நாங்கள் அமர்த்தியிருக்கும் மாண்புமிகு பிரதமர் அவர்களே! காலைச் செய்தி வரைக்கும் நீங்கள்தான் பிரதமர். என் பேச்சு முடிவதற்குள் வேறொருவர் வந்துவிட்டால், அவருக்கும் இப்போதே ஒரு வணக்கம் சொல்லிவைக்கிறேன். அடுப்படிக்காரி நான், வராத விருந்தாளிக்கும் ஒரு கிழங்கு கூடுதலாகப் போட்டுத்தான் பழக்கம்.

சிரிக்காதீர்கள்! ஐயாவே சிரிக்கிறார், சரி, சிரியுங்கள்.

நம் நமாரு ஊரின் சின்ன ஆஸ்பத்திரிக்கு இன்று முதலாம் பிறந்தநாள். யார் கட்டிய ஆஸ்பத்திரி? கடற்கரை மணலைக் கூடையில் சுமந்த கைகள் யாருடைய கைகள்? அம்மாமார்களே, நம்முடைய கைகள்! கட்டினோம், கூரை போட்டோம், கர்த்தருக்கு நன்றி சொன்னோம். திறந்தோமா? இல்லை. ஏன்? தலைநகர் விலாவிலிருந்து சொல்லிவிட்டார்கள்: பிரதமர் வந்து நாடாவை வெட்டினால்தான் கதவு திறக்க வேண்டுமாம். வாசலில் சிவப்பு நாடா. உள்ளே பெட்டி பிரிக்காத மருந்து. வெளியே நர்ஸ் லெய்தாப்பு, கையில் ஒரு பளபளக்கும் கத்தரிக்கோலோடு.

அப்போது நம் லெய்வியா பிள்ளைத்தாய்ச்சி. பிரசவம் என்றால் கடல் கால்வாய் தாண்டி அடுத்த தீவுக்குப் படகில் போக வேண்டும். காற்றுக் காலத்தில் அந்தக் கால்வாய் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாதா? அவள் நாத்தனாருக்கு நடுக்கடலில் பிள்ளை பிறந்தது. நல்லவேளை, இருவரும் பிழைத்தார்கள். அந்தப் பிள்ளைக்கு மோட்டார் என்றே பெயர் வைத்தார்கள். அதோ, மாமரத்தில் ஏறி நிற்கிறதே, அதேதான். இறங்குடா!

பிரதமர் வருகிறார் என்று செய்தி வந்தது. வந்திருக்கும் இதே ஐயாதான். அப்போது முதன்முறைப் பிரதமர். கல்சாங் மாமா ஊர்மன்றத்தின் முன்னால் ஒரு பன்றியைக் கட்டி, நம் வழக்கப்படி ஐயாவின் பெயரை மும்முறை உரக்கக் கூவினார். பெயர் கூவிவிட்டால் முடிந்தது. அந்தப் பன்றி அந்தப் பெயருக்கே சொந்தம். வேறொருவர் அதன் வாலைக்கூடத் தொடக்கூடாது.

கிழங்கு துருவினோம். கல் சுட்டோம். கப்பல் வருகிற திசையைப் பார்த்துப் பாட்டும் தொடங்கினோம். அந்நேரம் லெய்வியாவின் வீட்டுக்காரன் மோரிஸ் வானொலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"மாமா, பாட்ட நிறுத்துங்க! நம்பிக்கையில்லாத் தீர்மானமாம். ஆளு போயாச்சு!"

"எங்கடா போயாச்சு?"

"நாற்காலிய விட்டுப் போயாச்சு!"

மறுவாரமே இரண்டாம் பிரதமர், "நான் வருகிறேன்" என்றார். கட்டியிருந்த பன்றியைக் காட்டலாம் என்றேன் நான். மாமா சீறினார். "பேர் சொல்லிக் கட்டின பன்னிம்மா. ஆளு மாறினா பன்னி மாறுமா?" ஆகவே இரண்டாவது பன்றி. அவரும் கவிழ்ந்தார். மூன்றாமவர் பதவிக்கு வந்தார், மூன்றாவது பன்றி கட்டினோம், அவரும் கவிழ்ந்தார்! அன்பர்களே, ஆட்சி இளைத்தது, பன்றி பருத்தது! அமைச்சரவை சுருங்கியது, என் கிழங்குத் தோட்டமும் சுருங்கியது! காலையில் அரசுப் பக்கம், மத்தியானச் சோற்றுக்கு எதிர்க்கட்சிப் பக்கம், அந்தி சாய்ந்தால் மறுபடி அரசுப் பக்கம் என்று பாராளுமன்ற உறுப்பினர்கள் தாவுகிறார்களே, என் வீட்டுக் கோழிகூட அந்தியில் ஒரே மரத்தில்தானே ஏறுகிறது!

என்ன போதகரே? சுருக்கமாகத்தான் பேசுகிறேன்.

நாலாமவரும் வருகிறேன் என்றார்; நாலாவது பன்றி கட்ட ஊர் கூடியது. மிச்சமிருந்ததே அது ஒன்றுதான். நான் எழுந்து சொன்னேன்: "மாமா, இந்தத் தடவ ஆளு பேர் வேணாம். நாற்காலி பேரச் சொல்லிக் கட்டிடுவோம். எவர் உக்காந்தாலும் அவருக்கு."

கல்சாங் மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாற்காலிக்கு வாய் இருக்கா? கொடுத்தா வாங்கிக்க கை இருக்கா? வாங்கினதுக்கு வெக்கப்பட மூஞ்சி இருக்கா? மனுஷனுக்குத்தாம்மா பன்னி."

"அப்ப கண்டிப்பா வர்ற மனுஷன் ஒருத்தனக் காட்டுங்க!"

சொல்லி வாய் மூடவில்லை. பின்வரிசையிலிருந்து லெய்வியா கத்தினாள்.

"ஐயோ! வருது, வருது!"

"கப்பலா?" என்றான் மோரிஸ்.

"உன் மூஞ்சி! புள்ள வருது!"

காற்று ஊளையிட்டது. படகுக்காரர் கால்வாயைப் பார்த்தார், தலையை ஆட்டினார். போக முடியாது. நர்ஸ் லெய்தாப்பு நாடாவுக்கு முன்னால் நின்றாள், கத்தரிக்கோலைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள்.

"மாமா, என்ன செய்யட்டும்? விலாவுல கேட்டா என்ன சொல்ல?"

அந்தக் கணத்தில் கல்சாங் மாமா செய்ததை எண்ணினால் இன்றும் என் மயிர் கூச்செறிகிறது. அவர் விலாவைக் கேட்டாரா? வானொலியைக் கேட்டாரா? நாலாவது பன்றியின் கயிற்றைப் பிடித்தார். "வர்றேன்னவன் எவனும் வரல. சொல்லாம ஒரு ஆளு வந்துக்கிட்டிருக்கு. வர்ற ஆளுக்குத்தான் பன்னி! பேர் என்னடி லெய்வியா?"

"இன்னும் பொறக்கவே இல்ல மாமா! லெய்நாசுன்னு வெச்சுக்குங்க, ஆணா இருந்தா அப்புறம் பாத்துக்கலாம்!"

"லெய்நாசு! லெய்நாசு! லெய்நாசு!" என்று மாமா கூவினார். நாடா? அதை யாரும் வெட்டவில்லை. கர்ப்பிணியைத் தாங்கிய பெண்கள் அணி அலையாகப் போய் மோதியதில் அது தானாக அறுந்தது. நாடாவுக்கென்று வந்த கத்தரிக்கோல் கொதிநீரில் குளித்து, தொப்புள்கொடியை வெட்டியது. எந்தத் தீர்மானத்தாலும் தடுக்க முடியாத அந்தச் சிறப்பு விருந்தினர், வீறிட்டு அழுது ஆஸ்பத்திரியைத் திறந்துவைத்தார்! அதோ, தாய் மடியில் என் நிகழ்ச்சி நிரலை மென்றுகொண்டிருக்கிறாரே, அவர்தான்!

கை தட்டுங்கள், ஆனால் மெதுவாக; பயப்படுவாள்.

பெரியோர்களே, தாய்மார்களே! தலைமை என்பது என்ன? தாவுவதா? தள்ளுவதா? தலையெண்ணித் தலையெண்ணித் தவிப்பதா? வருவேன் என்றால் வருவதே தலைமை! வாக்கைக் கொடுத்தால் வாழ்நாளெல்லாம் காப்பதே தலைமை! அவிழ்த்துவிட்டாலும் அடுத்தவன் கொட்டிலுக்குப் போகாத நம் பன்றிகளைப் பாருங்கள், பாராளுமன்றமே! கட்டிய பன்றி கட்சி மாறாது! கட்டிய பன்றி…

என்ன மோரிஸ்? ஏன் கையை ஆட்டுகிறாய்? வானொலியா? சத்தமாகச் சொல்.

இப்போதா? வாக்கெடுப்பு நடந்தே விட்டதா? ஐயா இங்கே லப்லப்புக்குக் காத்திருக்கும்போதா?

கர்த்தாவே.

அமைதி! யாரும் சிரிக்கக்கூடாது. மோட்டார், உன்னைத்தான்! ஐயா, எழுந்திருக்காதீர்கள். மாலையைக் கழற்றாதீர்கள். மூன்றாம் முறையாக வந்த நாற்காலி, வாங்கி முழுவாரம்கூட ஆகவில்லை என்பது எங்களுக்கும் வருத்தம்தான்.

என்ன கேட்கிறீர்கள்? கொஞ்சம் உரக்க, ஐயா.

"அந்தப் பன்னி இன்னும் எனக்குத்தானாம்மா?"

கேட்டீர்களா, கல்சாங் மாமா? அன்று நான் சொன்னபடி இவர் பன்றியை நாற்காலிக்கு வந்த அடுத்தவருக்கே காட்டியிருந்தால், ஐயா இன்று வெறும் வயிற்றோடு கப்பலேறியிருப்பார். நான் தோற்றேன், நீங்கள் வென்றீர்கள், நம் வழக்கம் வாழ்ந்தது! ஐயா, உங்களுக்குத்தான். மும்முறை கூவிய பெயரை எங்கள் ஊர் மறக்காது. ஊர்மன்றத்தின் பின்னால் படகு அளவுக்கு வளர்ந்து நிற்கிறதே, அது உங்களுடைய முதல் ஆட்சிக் காலத்துப் பன்றி. நாட்டில் உங்களுக்காகக் காத்திருந்த உறுப்பினர் அது ஒன்றுதான். நாற்காலி போனால் போகட்டும். பாயில் வந்து உட்காருங்கள். பாயைக் கவிழ்க்க எவராலும் முடியாது.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறுமையிழந்தும் மணியடிக்காத போதகருக்கும், நிரலை முழுவதும் தின்று முடித்த லெய்நாசுக்கும், விலாவில் இந்நேரம் சத்தியப்பிரமாணம் எடுத்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருக்கும் என் நன்றியும் வணக்கமும். தாய்மார்களே, அடுப்பைத் திறங்கள். ஐயாவுக்கு முதல் இலை.