சுருதி இறக்காத குடும்பம்

காபியில் சர்க்கரை தூக்கலாக இருந்தால் சொல்லுங்கள், வேறு போட்டுத் தருகிறேன். எங்கள் பொன்சே ஊர்க்காரர்களுக்கு இனிப்பில் கை கொஞ்சம் தாராளம். என் தங்கையைப் பார்த்த தொண்டை டாக்டர்தானே விசாரிக்கச் சொல்லி உங்களை அனுப்பினார்? நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

பாட்டு எங்கள் குடும்பச் சொத்து. கிறிஸ்துமஸ் முடிந்து வரும் மூன்று ராஜாக்கள் திருநாளன்று, பன்றி வறுவலும் பட்டாணிச் சோறும் சாப்பிட்டு முடித்ததும், அந்த வருடம் குடும்பக் குழுவில் முதல் குரல் யாருடையது என்று அப்பா டான் லிபோரியோ அறிவிப்பார். பல வருடம் நான்தான். தங்கை யாரிட்ஸா வயதுக்கு வந்த வருடம் அவளைப் பாடச் சொன்னார். பாடி முடித்ததும் என் தோளைத் தட்டினார்.

"நெரேய்தா, நீ பியானோவுக்குப் போம்மா. தங்கச்சி பாடட்டும்."

போனேன். அவள் பாட்டு மயாமி, மெக்சிகோ, மாட்ரிட் என்று ஊர் ஊராகப் போனது. நானும் பின்னாலேயே போனேன். அவள் பூங்கொத்துகளை நான்தான் காரில் ஏற்றுவேன். வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. கூடப் பிறந்தவளுக்கு எரியாமல் யாருக்கு எரியும்?

எங்கள் வீட்டில் ஒரு வீம்பு உண்டு. பியானோ கொடுப்பதுதான் சுருதி. பாடுகிறவர் அதை இறக்கச் சொல்லக் கூடாது. சொன்னால் அப்பா முகம் கொடுத்துப் பேசமாட்டார். குழுவும் என் பியானோவைப் பின்பற்றித்தான் வாசிக்கும். அதனால் அவ்வப்போது அரைக் கட்டை ஏற்றினேன். உச்சிக்குப் போனால்தானே கூட்டம் கை தட்டும்? அவள் பெயர் வளர்ந்ததில் என் பங்கும் உண்டு.

ஒருநாள் ஒத்திகைக்குக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, தொண்டையில முள்ளு சிக்கின மாதிரி இருக்கு. கொஞ்சம் இறக்கேன்."

"அப்பா காதுல விழப்போகுது. அப்புறம் என்னையப் பாடச் சொல்லிருவாரு."

"ஐயோ, நீ பாடினா சனம் டிக்கெட் காசைத் திருப்பிக் கேக்கும்க்கா" என்று சிரித்தாள்.

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் சுருதியை இறக்கவில்லை.

அவள் மருந்து மாத்திரையெல்லாம் என் பொறுப்பு என்பதால், தொண்டையைச் சோதித்த டாக்டர் எனக்குத்தான் போன் செய்தார். பாடக் கூடாது, பேசவும் கூடாது, மீறினால் குரலே போய்விடும் என்றார். நன்றி சொல்லிப் போனை வைத்தேன். யாரிட்ஸாவிடம் வெறும் அலுப்புதானாம் என்று சொல்லி, எலுமிச்சையும் தேனும் கலந்து கொடுத்தேன். சான் ஹுவான் மேடையில் இன்னும் ஒரு கட்டை ஏற்றினேன். கடைசிப் பாட்டின் உச்சியில் அவள் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கைக்குட்டையில் ரத்தம். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பாட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் நிறுத்துவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

இந்த வருடத் திருநாளில் அப்பா என்னைப் பாடச் சொன்னார். எனக்கு வாகாக இரண்டு கட்டை இறக்கிப் பாடினேன். யாரும் கை தட்டவில்லை. யாரிட்ஸா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ரசித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆமாம், அவள் குரலை எடுத்தது நான்தான். ஆனால் எங்களுக்குள் மனத்தாங்கல் ஒன்றுமில்லை. அடுத்த அறையில்தான் இருக்கிறாள், நீங்களே கேட்டுப் பாருங்கள். இன்றுவரை என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை.